‘வாத்தியார்’: அருகே செல்ல அனுமதிக்காத ஒரு சொல்லின் கதை

பள்ளி ஆசிரியரை நாம் ‘வாத்தியார்’ என்கிறோம். அதே சொல்லைப் பிராமணக் குடும்பங்களில் கேட்டால் பொருள் வேறு. அங்கே வாத்தியார் என்பவர் திருமணமும் திதியும் செய்துவைக்கும் புரோகிதர். ஒரே சொல்லுக்கு இவ்விரு பொருள்கள் வந்தது தற்செயல் அன்று.

‘உபாத்தியாயர்’ என்னும் வடசொல்லே தமிழில் உவாத்தி, வாத்தி எனத் தேய்ந்து, ‘ஆர்’ விகுதி பெற்று வாத்தியார் ஆயிற்று. வடக்கில் இச்சொல் சாதிப்பெயராகவே உறைந்துவிட்டது. ஓஜா, ஜா ஆகிய பட்டங்கள் இதன் திரிபுகள். வங்காளத்து முகோபாத்யாய, சட்டோபாத்யாய ஆகியவற்றின் ஈற்றிலும் இதுவே நிற்கிறது. தமிழிலோ அது தொழிற்பெயராகப் பரவியது. கூத்து வாத்தியார், சிலம்ப வாத்தியார் என்று எளிய மக்களின் கலைகளைக் கற்பிப்போரும் அப்பெயரைப் பெற்றனர்.

மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் உபாத்தியாயருக்கு இலக்கணம் வகுக்கிறது. வேதத்தின் ஒரு பகுதியையோ வேதாங்கங்களையோ பிழைப்புக்காகக் கற்பிப்பவர் அவர். பூணூல் அணிவித்து வேதம் முழுவதையும் ஓதுவிக்கும் ஆச்சாரியார், அவரைவிடப் பத்து மடங்கு மேலானவர். இந்த ‘ஆச்சாரிய’ என்பதோடு தொடர்புடையதாகவே நமது ‘ஆசிரியர்’ என்னும் சொல்லையும் மொழியறிஞர் பலர் கருதுகின்றனர். சூத்திரருக்குக் கற்பிப்பவரைச் சிராத்தத்திற்கு அழைக்கலாகாது என்கிறது அதே நூலின் மூன்றாம் அத்தியாயம். சூத்திரருக்கே இதுவென்றால், வருணத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டோரின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

தமிழ் இலக்கணமும் இதற்கு முற்றிலும் விலக்கு எனச் சொல்ல இயலாது. சமண முனிவர் பவணந்தி இயற்றிய நன்னூல், நல்லாசிரியருக்குரிய பண்புகளை அடுக்கும்போது முதலில் வைப்பது குலத்தைத்தான். அருளும் கல்வித் தெளிவும் அதன் பின்னரே வருகின்றன. ‘கணக்காயர்’ என்ற பழந்தமிழ்ச் சொல் நம்மிடம் உண்டு என்று பெருமை கொள்வோர் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இனி, சொல்லின் வேர். ‘உப’ என்றால் அருகில். ‘அதி’ என்ற முன்னொட்டோடு சேர்ந்த வினையடிக்குக் கற்றல் என்று பொருள். யாரை அணுகிச் சென்று கற்கிறோமோ அவரே உபாத்தியாயர். அண்மையே இச்சொல்லின் உயிர். தீண்டாமையோ அந்த அண்மையை மறுப்பது. சாத்தாராவில் பயின்ற சிறுவன் அம்பேத்கர் வகுப்பின் மூலையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த சாக்கின்மேல் தனியே அமர வேண்டியிருந்தது. பள்ளிப் பணியாளர் தண்ணீர் ஊற்றாத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டியிருந்தது. ஆசிரியர் அதே அறையில்தான் இருந்தார், அருகில் இல்லை.

மறுதலையான சான்றும் தமிழகத்திலேயே உண்டு. 1845இல் பிறந்த காத்தவராயன் என்ற மாணவர், தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். அந்தப் பெயரால்தான் அயோத்திதாசப் பண்டிதரை இன்று நாம் அறிகிறோம்.