ஊத் வாத்தியமும் எகிப்திய இசையும்

பூவத்தில் மாயாமாளவகௌளையில் சரளிவரிசை பயிலும் சிறுவன், தன்னையறியாமலே எகிப்திய இசையின் வாயிலில் நிற்கிறான். ஹிஜாஸ்கார் என்னும் அரபு மகாமின் ஸ்வரங்களும் ஏறத்தாழ அவையே.

ஆயினும் ஊத் வாத்தியத்தைக் கையிலெடுப்பவர் அங்கேயே தங்கிவிடலாகாது. வீணையைப் போல் ஊத்துக்கு மெட்டுகள் இல்லை. ராஸ்த் மகாமின் காந்தாரமோ, நம் சாதாரண காந்தாரத்திற்கும் அந்தர காந்தாரத்திற்கும் இடையே நிற்பது. ஆர்மோனியத்தில் அதைத் தேடிப் பயனில்லை. 1932-இல் கெய்ரோவில் கூடிய அரபு இசை மாநாட்டிலேயே இத்தகைய ஸ்வரங்களின் அளவு குறித்து அறிஞர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லையெனில், மாணாக்கனுக்குச் செவியன்றி வேறு ஆசான் ஏது? நம்மவர் விரலோ உடனே கமகத்தை நாடும். அசைத்தால் அந்தக் காந்தாரம் மறைந்துவிடும். முதலில் அதனை அசையாது நிறுத்தப் பழகுக.

அடுத்து ‘சமாயி’ என்னும் வாத்திய உருப்படி. பத்து எண்ணிக்கைத் தாளம், நான்கு பகுதிகள். ஒவ்வொன்றின் முடிவிலும் ‘தஸ்லீம்’ நம் பல்லவி போல் திரும்பி வரும். நான்காம் பகுதியில் பெரும்பாலும் தாளம் மாறும். அங்கேதான் புதியவர் தடுமாறுவர்.

உம்மு குல்ஸூமின் நெடும்பாடல்களைப் பிறகு வாசிக்கலாம். அவற்றுள் பலவற்றிற்கு இசையமைத்த ரியாத் அல்சுன்பாதி (1906–1981) ஊத்தில் வாசித்த தக்ஸீம்களை, அதாவது ஆலாபனைகளை, இன்றே கேட்கத் தொடங்குங்கள்.