உஷார்! மூளையைக் காட்டி மகளின் கணக்கைப் பறிக்கிறார்கள்

குண்டசாலைப் பெற்றோரே, சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் உயர்தரத்துக்கு எந்தப் பிரிவு என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடும். அந்த நேரம் பார்த்து ஒரு கதையும் உள்ளே நுழையும்: "ஆம்பிளைப் பிள்ளைக்கு இடது மூளை, கணக்கு ஓடும். பொம்பிளைப் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் கலந்து வேலை செய்யும், கலைப் பிரிவுதான் சரி." விஞ்ஞானம் போலவே இருக்கும். நம்பிவிடாதீர்கள்!

இந்தக் கதைக்கு வலுச் சேர்த்தது எது? 1995இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஷேவிட்ஸ் தம்பதியரின் குழு 19 ஆண்களையும் 19 பெண்களையும் ஸ்கேன் கருவியில் படுக்கவைத்து, பொருளற்ற இரண்டு சொற்களைக் காட்டி, ஓசை ஒத்துப்போகிறதா என்று கேட்டது. ஆண்களுக்கு முன்மூளையின் இடப்பக்கம் தூண்டப்பட்டது. பெண்களில் பலருக்கு இரு பக்கமும். கணக்கு அந்தச் சோதனையில் வரவே இல்லை. 2004இல் நெதர்லாந்தின் ஐரிஸ் சொமர் குழு இத்தகைய ஆய்வுகளைத் திரட்டி 819 பேரின் தரவுகளை அலசியபோது அந்த ஆண்-பெண் வேறுபாடும் நிலைக்கவில்லை. ஆணோ பெண்ணோ, பெரும்பாலானோருக்கு மொழியின் முக்கிய வேலை இடப்பக்கத்தில்தான். கணக்குப் போடும்போதோ யாராக இருந்தாலும் இரு பாதிகளும் சேர்ந்தே உழைக்கின்றன.

இன்னொரு வலையும் உண்டு. பத்து விரல்களின் ரேகையையும் ஸ்கேன் செய்து, இடது மூளை இத்தனை வீதம், வலது மூளை இத்தனை வீதம் என்று வர்ண அறிக்கை கொடுத்துக் காசு வாங்கும் வியாபாரம். இதற்கு விஞ்ஞான அடிப்படை இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமே சொல்லிவிட்டது. யார் கொண்டுவந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பெண்ணுக்குக் கணக்கு ஓடாது என்பவர்களுக்கு ஒரு பதில்: இலங்கையின் முதல் பெண் பொறியியலாளர் நம் தமிழ்ப் பெண், பிரேமளா சிவசேகரம். பெண்களே எட்டிப் பார்க்காத பொறியியல் பீடத்துக்குள் 1960களில் துணிந்து நுழைந்தவர். இன்று அந்தப் பீடம் பேராதனையில், நமக்குப் பஸ் தூரத்தில் இருக்கிறது.

மகளுக்குக் கணக்கு வருமா என்று அறிய அவளுடைய கணிதக் கொப்பியைத் திறந்து பாருங்கள், கடந்தகால வினாத்தாளைச் செய்யச் சொல்லுங்கள், கணித ஆசிரியரிடம் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முதல் அவளுடைய விருப்பத்தைக் கேளுங்கள். கலைப் பிரிவை அவளே விரும்பினால் மனதார அனுப்புங்கள். ஆனால் உயர்தரத்தில் கணிதப் பிரிவைக் கைவிட்ட பிள்ளைக்குப் பொறியியல் பீடத்தின் கதவு திறக்காது. பிரிவைத் தீர்மானிக்கும் முன்பே, இந்தக் கிழமையே, அவளோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்!