யாவ் மிங்கின் இடது பாதம்

2003ஆம் ஆண்டு ஜனவரி 18, சனிக்கிழமை காலை. ஈப்போவில் எங்கள் தாமானுக்கு எதிரே இருந்த சீனர் கோப்பிக்கடையில் உட்கார இடமில்லை. வழக்கமாகக் காற்பந்து மறுஒளிபரப்பு ஓடும் தொலைக்காட்சியில் அன்று கூடைப்பந்து. கடைக்கார அங்கிள் கோப்பி கலக்குவதை மறந்து, துண்டைத் தோளில் போட்டபடி திரைக்கு அடியில் நின்றார். நான் தே-ஓ கிளாஸுடன் கூட்டத்தின் பின்னால் நின்றேன். கூடைப்பந்து என்றால் அதுவரை எனக்குச் சீனப் பள்ளி வேலிக்குள் நடக்கும் விளையாட்டு, அவ்வளவுதான். நம் பையன்கள் காற்பந்தோடு சரி.

திரையில் ஹியூஸ்டன் ராக்கெட்ஸும் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸும். அமெரிக்காவில் அப்போது வெள்ளிக்கிழமை இரவு. லேக்கர்ஸ் பக்கம் ஷகில் ஓனீல், ஏறக்குறைய 150 கிலோ, அந்தக் காலத்தில் யாராலும் அசைக்க முடியாத மனிதர். ராக்கெட்ஸ் பக்கம் 22 வயது யாவ் மிங். உயரம் 2.29 மீட்டர். நம் தாமான் வீட்டு வாசலில் அவர் குனிந்துதான் நுழைய வேண்டும்.

ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஓனீல் எறிந்த பந்தை யாவ் தட்டிவிட்டார். அடுத்து வந்ததையும் தட்டிவிட்டார். ராக்கெட்ஸின் முதல் 6 புள்ளிகளும் அவருடையவை. கடையில் எழுந்த சத்தத்தில் என் தே-ஓ பாதி என் சட்டையில். கூடுதல் நேரம்வரை போன அந்த ஆட்டத்தில் ராக்கெட்ஸ் 108-104 என வென்றது. புள்ளிக் கணக்கைப் பார்த்தால் ஓனீல் 31, யாவ் 10தான். ஆனால் கூடுதல் நேரத்தின் கடைசி வினாடிகளில் பந்தைக் கூடைக்குள் திணித்து வெற்றியை உறுதி செய்தவர் யாவ்.

அந்த மோதலுக்கு முன்னால் ஒரு கசப்பு இருந்தது. யாவின் பெயரைச் சொல்லி, சீன மொழியைக் கேலி செய்யும் ஒலிகளை ஓனீல் தொலைக்காட்சியில் எழுப்பியிருந்தார். அது பெரிய சர்ச்சையானது. ஓனீல் மன்னிப்பும் கேட்டார். யாவ் என்ன சொன்னார் தெரியுமா? சீன மொழி கற்கக் கடினமானதுதான், சின்ன வயதில் தமக்கும் சிரமமாகத்தான் இருந்தது என்றார். பள்ளிக்கூடத்தில் நம் மொழியை யாராவது கிண்டலடித்தால் நாம் எப்படிக் கொதித்தோம் என்பது நினைவிருப்பவர்களுக்கு அந்தப் பதிலின் அருமை புரியும்.

யாவ் 1980ஆம் ஆண்டு ஷாங்காயில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவருமே கூடைப்பந்து வீரர்கள். அம்மா ஃபாங் ஃபெங்டி சீன தேசிய மகளிர் அணியின் தலைவியாக இருந்தவர். ஷாங்காய் ஷார்க்ஸ் அணிக்கு 2002இல் சீன லீக் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்த கையோடு, அதே ஆண்டு என்பிஏ தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். முதல் ஆட்டத்தில் 11 நிமிடம் ஆடி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அவர் ஓர் ஆட்டத்தில் 19 புள்ளிகள் எடுத்துவிட்டால் முத்தம் கொடுக்கிறேன் என்று முன்னாள் நட்சத்திரம் சார்லஸ் பார்க்லி தொலைக்காட்சியில் பந்தயம் கட்டினார். எங்கே என்பதை இங்கே எழுத முடியாது. சில நாளிலேயே லேக்கர்ஸுக்கு எதிராக யாவ் 9 முறை எறிந்து, ஒன்றுகூடத் தவறாமல், 20 புள்ளிகள் எடுத்தார். பார்க்லி கடைசியில் ஒரு கழுதையின் பின்புறத்தில் முத்தமிட்டுக் கடனைத் தீர்த்தார்.

இவ்வளவு வேடிக்கையாகத் தொடங்கிய ஆட்ட வாழ்க்கை 30 வயதில் முடிந்துவிட்டது. உயரமாக இருக்கிறாரே தவிர உடம்பு கண்ணாடி என்று அப்போது பலர் சொன்னார்கள். நான் அதை ஒருபோதும் ஏற்றதில்லை.

கணக்கைப் பாருங்கள். என்பிஏவில் ஒரு பருவத்துக்கு 82 ஆட்டங்கள். முதல் மூன்று பருவங்களில் யாவ் ஆடியது 82, 82, 80. மூன்று ஆண்டில் அவர் தவறவிட்டது இரண்டே ஆட்டம். கண்ணாடி இப்படியா உழைக்கும்? மற்ற வீரர்கள் பருவம் முடிந்ததும் ஓய்வெடுப்பார்கள். யாவுக்கு அப்போதுதான் இரண்டாவது வேலை ஆரம்பிக்கும். அமெரிக்காவில் ஆட அனுமதித்தபோதே, தேசிய அணி கூப்பிட்டால் வந்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. 2003இல் ஆசியப் போட்டி, 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக், 2005இல் மறுபடி ஆசியப் போட்டி. பகலில் தொழிற்சாலை, இரவில் காவலாளி வேலை என்று இரண்டு ஷிஃப்ட் பார்த்த அப்பாக்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த உடம்பு எப்படிக் கணக்குத் தீர்க்கும் என்று அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

யாவின் உடம்பு இடது பாதத்தில் கணக்குத் தீர்த்தது. 2005 டிசம்பரில் இடது பெருவிரல் எலும்பில் தொற்று, அறுவை சிகிச்சை. 2006 ஏப்ரலில் அதே பாதத்தில் எலும்பு முறிவு. நான்கே மாதத்தில் ஜப்பானில் உலகப் போட்டி. அங்கும் போய் ஆடி, ஓர் ஆட்டத்துக்கு 25 புள்ளிகளுக்கு மேல் சராசரி எடுத்து, எல்லா நாட்டு வீரர்களையும் விட முன்னால் நின்றார். அந்த டிசம்பரில் வலது முட்டி. 2008 பிப்ரவரியில் ராக்கெட்ஸ் தொடர்ந்து 12 ஆட்டங்களை வென்றிருந்த நேரத்தில், இடது பாதத்தில் அழுத்த முறிவு என்று செய்தி வந்தது. விழுந்து அடிபட்டு வருவதல்ல இது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஓர் இடத்தில் விரிசல் விடுமே, அப்படி வருவது. 140 கிலோ உடம்பு குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் பாரத்தை அந்தச் சின்ன எலும்புகள்தாம் வாங்குகின்றன.

அவர் இல்லாமலேயே அணி அந்த வெற்றித் தொடரை 22 வரை கொண்டு போனது. அவருக்கோ கவலை வேறு. பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு ஆறு மாதம்கூட இல்லை. அதைத் தவறவிட்டால் தம் ஆட்ட வாழ்க்கையின் மிகப் பெரிய இழப்பு அதுவே என்றார். பாதத்தில் திருகாணி வைத்துத் தைத்தார்கள். ஆகஸ்டில் சீனக் கொடியைப் பிடித்துக்கொண்டு அரங்கத்துக்குள் நடந்து வந்தார். பக்கத்தில் சிச்சுவான் நிலநடுக்கத்தில் தன் வகுப்புத் தோழர்களைக் காப்பாற்றிய 9 வயதுச் சிறுவன், அவர் இடுப்பளவுகூட இல்லை. கோப்பிக்கடை அங்கிள் அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். சாம்பிராணிப் புகை என்றார்.

ஆடியிருக்கக் கூடாது என்று இன்றும் சிலர் வாதிடுகிறார்கள். மருத்துவமாகப் பார்த்தால் சரியாக இருக்கலாம். ஆனால் சொந்த ஊரில் ஒலிம்பிக் நடக்கும்போது ஒரு மனிதர் வீட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தவறு என்று எனக்குத் தோன்றுவது, அதற்கு முந்தைய ஆண்டுகளில் கிளப்பும் சரி, நாடும் சரி, அவருக்கு ஒரு கோடைகாலம்கூட முழுதாக விட்டுவைக்காதது.

2009 மே மாதம், மறுபடி லேக்கர்ஸ். முதல் ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் கோபி பிரையண்டின் முட்டியோடு மோதி விழுந்தார். உதவியாளர்கள் உள்ளே அழைத்துப் போனார்கள். பாதி வழியில் நின்றுவிட்டார். உடைமாற்றும் அறைக்கு வர மாட்டேன் என்று மறுத்து, நொண்டியபடியே திரும்பி வந்து ஆடினார். 28 புள்ளிகள், ராக்கெட்ஸுக்கு வெற்றி. அந்தத் தொடரின் மூன்றாவது ஆட்டம் முடிந்த பிறகு எடுத்த பரிசோதனையில் இடது பாதத்தில் மறுபடி விரிசல் தெரிந்தது. எலும்பு ஒட்டு வைத்து, பாதத்தின் வளைவையே தாழ்த்தும் அறுவை சிகிச்சை செய்தார்கள். ஒரு பருவம் முழுக்க இல்லை. 2010இல் திரும்பி வந்து, ஆட்டத்துக்கு 24 நிமிடம் என்ற கட்டுப்பாட்டோடு ஐந்தே ஆட்டங்கள் ஆடினார். அடுத்து இடது கணுக்கால். 2011 ஜூலை 20, ஷாங்காயில் ஓய்வை அறிவித்தார்.

மொத்தம் 486 ஆட்டங்கள். சராசரி 19 புள்ளிகள். எனக்குப் பிடித்த எண் வேறு. யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறியும் தனி எறிதலில் உயரமானவர்கள் பெரும்பாலும் சொதப்புவார்கள். ஓனீல் 100க்கு 53தான். யாவ் 83. அந்தக் கைப்பக்குவம் உயரத்தால் வந்ததல்ல.

2016இல் அமெரிக்கக் கூடைப்பந்தின் புகழரங்கில் ஓனீலும் அவரும் ஒரே நாளில் சேர்க்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு ராக்கெட்ஸ் அவருடைய 11ஆம் எண் சட்டைக்கு நிரந்தர ஓய்வு கொடுத்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் அவர் பெயர் அடிபட்டது வேறு காரணத்துக்கு. ஆடிக்கொண்டிருந்தபோதே, 2006இல், இனிச் சுறாத்துடுப்பு சூப் குடிக்க மாட்டேன் என்று அறிவித்து, அதற்கு எதிரான விளம்பரங்களிலும் நடித்தார். சீனர் கல்யாண விருந்தில் அந்தச் சூப் இல்லையென்றால் மானம் போய்விடும் என்றிருந்த காலம். சில ஆண்டுகள் கழித்து அங்கிளின் மகன் கல்யாணத்துக்குப் போனேன். சூப் வந்தது, துடுப்பு இல்லை. பெரியவர்கள் மேசையில் முணுமுணுப்பு. மாப்பிள்ளை என்னிடம் குனிந்து, “யாவ் மிங் சொல்லிட்டாருல்ல,” என்றான்.

சின்ன வயதில் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனபோது, ஆடி முடித்ததும் பல்கலைக்கழகத்தில் படிப்பேன் என்று யாவ் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஓய்வு பெற்ற 2011லேயே ஷாங்காய் ஜியாவ் தோங் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இடையிடையே வேறு வேலைகள் இருந்ததால் ஏழு ஆண்டுகள் பிடித்தன. 2018 ஜூலையில், 37 வயதில், பட்டமளிப்பு அங்கி அணிந்து பொருளியல் பட்டம் வாங்கினார்.