விளையாட்டு நிரலாக்கத்தில் மொழித் தேர்வு: உரிமமும் பெயர்வுத்திறனும்

கணினி விளையாட்டு ஒன்றை எந்த நிரலாக்க மொழியில் எழுதுவது என்று முடிவு செய்யும்போது மொழியின் வேகமும் கற்பதற்கான எளிமையுமே பெரிதும் கருதப்படுகின்றன. எழுதிய விளையாட்டை வேறு வகைக் கருவிகளில் இயக்க முடியுமா, அங்கே விற்கச் சட்டப்படி தடை உண்டா என்ற கேள்விகள் பெரும்பாலும் பிறகே எழுகின்றன. முன்னது பெயர்வுத்திறன்; பின்னது உரிமம். இரண்டும் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய சி ஷார்ப் மொழி நல்ல எடுத்துக்காட்டு.

மொழி வேறு, இயக்கும் மென்பொருள் வேறு

சி ஷார்ப் மொழியின் இலக்கணம் 2001-இல் எக்மா அமைப்பின் தரமாகவும், 2003-இல் பன்னாட்டுத் தரமாகவும் ஏற்கப்பட்டது. எனவே அதை வேறு எவரும் உருவாக்கலாம். அப்படி லினக்ஸ் முதலிய இயங்குதளங்களுக்காக உருவானதே மோனோ. அதன் முதல் முழுப் பதிப்பு 2004-இல் வந்தது.

ஆயினும் மைக்ரோசாஃப்டின் காப்புரிமைகள் பற்றிய அச்சம் நீங்கவில்லை. தரத்தில் அடங்கிய பகுதிகளுக்காக எவர் மீதும் வழக்குத் தொடுப்பதில்லை என்று அந்நிறுவனம் 2009-இல் உறுதி கூறியது. "தரத்தில் அடங்கிய பகுதிகள்" என்பதைக் கவனிக்க வேண்டும். திரையில் படம் வரைவது, ஒலி எழுப்புவது போன்றவற்றுக்கான நிரலகங்கள் அதில் இல்லை. விளையாட்டுக்கு உயிரே அவைதாம்.

மோனோவின் இயக்கச்சூழலுக்கும் அப்போது ஒரு நிபந்தனை இருந்தது. அது எல்ஜிபிஎல் உரிமத்தின் கீழ் வெளியானது. மென்பொருளைப் பெறுபவர் அப்பகுதியைத் திருத்தி மீண்டும் பொருத்திக்கொள்ள வழிவிட வேண்டும் என்பது அவ்வுரிமத்தின் விதி. மேசைக்கணினியில் இது எளிது. எல்லாமே ஒரே கோப்பாக இறுகிவிடும் ஐபோனில் நடைமுறைக்கு ஒவ்வாதது. ஆகவே அங்கு விற்க விரும்பியவர்கள் தனியே வணிக உரிமம் வாங்க நேர்ந்தது.

எக்ஸ்என்ஏ கைவிடப்படுதல்

மைக்ரோசாஃப்ட் 2006-இல் வெளியிட்ட எக்ஸ்என்ஏ, சி ஷார்ப் மொழியில் விளையாட்டு எழுதுவதற்கான இலவசக் கருவித்தொகுப்பு. விண்டோஸிலும் எக்ஸ்பாக்ஸ் 360-இலும் அதே நிரல் ஓடியது. டெராரியா போன்ற புகழ்பெற்ற விளையாட்டுகள் அதில் எழுதப்பட்டன. 2013-இல் அதன் வளர்ச்சி நிறுத்தப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மொழி அப்படியே இருந்தது. அது நின்ற மேடைதான் போய்விட்டது.

பலரைக் காப்பாற்றியது மோனோகேம் என்ற திறமூலத் திட்டம். எக்ஸ்என்ஏவின் கட்டளைப் பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டு உள்நிரலைப் புதிதாக எழுதியதால், பழைய விளையாட்டுகளைச் சிறிய மாற்றங்களுடன் பெயர்க்க முடிந்தது. ஸ்டார்டியூ வேலி என்னும் விளையாட்டு 2021-இல் இதற்கு மாறியது. பிறருடைய கட்டளைப் பெயர்களை இவ்வாறு எடுத்தாள்வது பதிப்புரிமை மீறலா? ஜாவா தொடர்பாக ஆரக்கிள் நிறுவனம் கூகுள் மீது தொடுத்த வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021-இல் கூகுள் செய்தது நியாயமான பயன்பாடே என்றது. அப்பெயர்களுக்குப் பதிப்புரிமை உண்டா என்ற அடிப்படைக் கேள்வியை அது தீர்க்கவில்லை.

கருவி உரிமையாளரின் விதிகள்

2010 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஒப்பந்தத்தை மாற்றி, ஐபோன் செயலிகள் தொடக்கத்திலேயே சி, சி++, ஆப்ஜெக்டிவ்-சி, ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்றது. யூனிட்டியில் சி ஷார்ப் கொண்டு விளையாட்டு எழுதியவர்கள் திகைத்தனர். செப்டம்பரில் விதி தளர்த்தப்பட்டது. அந்த ஐந்து மாதங்களும் ஒரு மொழியின் தகுதியை அதன் திறன் தீர்மானிக்கவில்லை. ஓர் ஒப்பந்த வாசகம் தீர்மானித்தது.

தளர்த்திய பிறகும் ஒரு தடை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய இயந்திர நிரலை உருவாக்க ஐபோன் செயலிகளுக்கு அனுமதியில்லை. எனவே சி ஷார்ப் நிரலை முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும். யூனிட்டி அதை முதலில் சி++ ஆக மாற்றும் வழியைக் கைக்கொண்டது.

2016-இல் மோனோ தாராளமான எம்ஐடி உரிமத்துக்கு மாறியதால் பழைய உரிமச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் விளையாட்டுப் பெட்டிகளின் நிலை வேறு. அவற்றின் நிரலாக்கக் கருவிகள் இரகசிய ஒப்பந்தத்தின் பேரிலேயே தரப்படுகின்றன. அதனால் மோனோகேம் திறமூலமாக இருந்தும், பிளேஸ்டேஷன், நின்டென்டோ ஆகியவற்றுக்கான அதன் பகுதிகள், அந்நிறுவனங்களின் ஒப்புதல் பெற்ற நிரலாளர்களுக்கு மட்டுமே கிடைக்கின்றன.