விரிசலைச் சொல்லும் அதிர்வு



அம்பாங் பெச்சா என்றால் மலாய் மொழியில் ‘உடைந்த அணை’ என்று பொருள். 1883-ஆம் ஆண்டில் அங்கிருந்த அணை உடைந்து, வெள்ளம் கோலகுபு பட்டணத்துக்குள் புகுந்தது. சிசில் ரேங்கிங் என்ற அரசாங்க அதிகாரியும் அதில் உயிரிழந்தார்.

இத்தகைய ஆபத்தை முன்கூட்டியே அறிய முடியுமா? மண் அணையென்றால் நீர்க்கசிவைக் கவனிப்பார்கள். இரும்புப் பாலத்திற்கு இன்னொரு வழியும் உண்டு. அதன் அதிர்வைக் கேட்பதுதான் அந்த வழி.

மண்பானை வாங்கும்போது நாம் தட்டிப் பார்க்கிறோம் அல்லவா? ‘கணீர்’ என்றால் நல்ல பானை. விரிசல் இருந்தால் அந்த இடம் விறைப்பை இழக்கிறது, அதிர்வு மெதுவாகிறது, ஓசையும் சீக்கிரம் அடங்கிவிடுகிறது. பாலத்தை ரயிலும் லாரியும் காற்றும் தட்டுகின்றன. அதில் பொருத்திய கருவி அந்த அதிர்வைப் பதிவு செய்கிறது.

அந்தப் பதிவைப் படிப்பது எப்படி? திருவிழா இரவில் உறுமியும் தவிலும் ஒலிக்கின்றன. எந்தெந்த வாத்தியம் ஒலித்தது என்பதைப் பழைய கணக்குமுறை சொல்லும். எந்த நேரத்தில் ஒலித்தது என்பதை எளிதில் காட்டாது. விரிசல் எழுப்பும் ஓசையோ ஒரு கணமே நீடிக்கும்.

1980-களின் தொடக்கத்தில், பிரான்ஸ் நாட்டின் எண்ணெய் நிறுவனமொன்றில் பணியாற்றிய ழான் மோர்லே, பூமிக்குள்ளிருந்து திரும்பும் எதிரொலிகளை ஆராய ‘வேவ்லெட்’ என்னும் குட்டி அலையைப் பயன்படுத்தினார். சட்டென எழுந்து அடங்கும் இந்த அலையைச் சுருக்கியும் நீட்டியும், பதிவின் மீது நெடுக நகர்த்தி ஒப்பிடுகிறார்கள். சுருக்கிய அலை திடீர் அதிர்ச்சியைப் பிடிக்கும்; நீட்டிய அலை மெதுவான ஆட்டத்தைப் பிடிக்கும். எந்த நொடியில் எது மாறியது என்பது இதனால் தெரிகிறது. பல இடங்களில் கருவி வைத்தால், பழுது எங்கே என்றும் கணிக்கலாம்.

அதிர்வைக் கவனிப்பதன் பயனுக்குத் தமிழகத்தின் பாம்பன் ரயில் பாலமே சான்று. 1914-இல் திறக்கப்பட்ட அப்பாலத்தில் சென்னை ஐ.ஐ.டி. உணர்கருவிகளைப் பொருத்தியது. கப்பலுக்கு வழிவிடும் தூக்குப் பகுதியில் அதிர்வு மிகுந்ததால், 2022 டிசம்பர் 23-இல் ரயில்கள் நிறுத்தப்பட்டன. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

ஆனால் ஒன்று: வெயிலில் இரும்பு விரிந்தாலும், பாரம் கூடினாலும் அதிர்வு மாறும். ஆகவே, பாலம் நன்றாக இருந்தபோது எடுத்த பதிவோடு ஒப்பிட வேண்டும். கருவி எச்சரித்த பின் பொறியாளர் நேரில் சென்று சோதிக்க வேண்டும்.

நேயர்களே, நாள்தோறும் கடக்கும் தோட்டத்துப் பாலமோ, எண்ணெய் ஆலை இயந்திரமோ வழக்கத்திற்கு மாறாகக் குலுங்கினால், ஓசை மாறினால், பழகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். உடனே நிர்வாகத்திடம் சொல்லுங்கள். உடைந்த பிறகு சூட்டும் பெயரைவிட, உடையுமுன் சொல்லும் ஒரு வார்த்தை மேல்.