காற்றும் கடவுளின் கொடையே



மின்சாரம் எப்படிக் கிடைக்கிறது என்று மந்தாரக்குப்பத்தில் வாழும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1957-ஆம் ஆண்டு நெய்வேலியில் சுரங்கப் பணி தொடங்கியதிலிருந்து பழுப்பு நிலக்கரி நம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதற்காக இறைவனுக்கு நன்றி கூறுகிறோம். ஆனால் அந்த நிலக்கரிக்காக வீட்டையும் வயலையும் விட்டுப் பெயர்ந்துபோன கிராமத்து மக்களை நாம் மறக்கலாகாது.

காற்றாலைக்கு நிலத்தைத் தோண்ட வேண்டாம். புகையில்லை, சாம்பலில்லை. கோபுரம் நிற்கும் இடமும் அதற்கான பாதையும் போக மற்ற நிலத்தில் பயிர் செய்யலாம், ஆடுமாடு மேய்க்கலாம். தென்மேற்குப் பருவக்காற்று கணவாய்கள் வழியே வேகமாக வீசும் முப்பந்தல், உடுமலைப்பேட்டை போன்ற இடங்களில் ஏராளமான காற்றாலைகள் சுழல்கின்றன. நெய்வேலி நிறுவனமே தென்காசி மாவட்டம் கழுநீர்குளத்தில் காற்றாலைகளை நிறுவியுள்ளது. பருவக்காற்று ஓய்ந்தால் உற்பத்தி குறையும் என்பதும் உண்மை.

காற்று எல்லாருக்கும் பொது. அதன் பலனும் பொதுவாக வேண்டாமா? காற்றாலை வெளியாருடையதாக இருந்தால், ஊருக்கு நில விலையும் ஒருசில வேலைகளுமே மிஞ்சும். கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகேயுள்ள ஓடந்துறை ஊராட்சி வேறு வழி கண்டது. 2006-இல் சுமார் 1 கோடியே 55 லட்சம் ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலையை ஊராட்சியே வாங்கியது. 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு. மீதி வங்கிக் கடன். காற்று நன்றாக வீசும் உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில் அதை நிறுவினார்கள். அதன் மின்சாரம் தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஈடானது. உபரியை மின்வாரியத்திற்கு விற்று, அந்த வருமானத்தில் கடனையும் அடைத்தார்கள்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில், மக்கள் கூட்டுறவாகச் சேர்ந்து தங்களுக்கு வேண்டிய எரிசக்தியைத் தாங்களே உண்டாக்குவதைப் பாராட்டுகிறார். ஓடந்துறை அதற்கு நம் நாட்டுச் சாட்சி.

நம் பகுதியில் எந்தத் திட்டம் வந்தாலும், நிலம் தருபவர்கள் யார், பலன் பெறுபவர்கள் யார் என்று அன்பியக் கூட்டங்களிலும் கிராம சபைகளிலும் கேட்போம். படைப்பை நம்மிடம் ஒப்படைத்த இறைவன், அதை எல்லாரோடும் பகிர்ந்து வாழும் மனத்தை நமக்குத் தருவாராக.