சிறு காப்பிக் குடியானவரும் ஐக்கிய சங்கமும்: ருவாண்டா தேசத்தின் அனுபவம்

காப்பிப் பயிரில் கிடைக்கும் வருமானம் மரத்தில் காய்க்கும் காயின் அளவை மட்டும் பொறுத்ததன்று. பறித்த பழத்தை அன்று பொழுது சாய்வதற்குள் என்ன செய்கிறார்கள் என்பதையும் அது பெரிதும் பொறுத்திருக்கிறது. உரமிட்டு, நிழல் மரங்களைக் கழித்து, ஆண்டு முழுதும் பாடுபட்டு விளைவித்த பழம், பறித்தபின் ஓர் இரவு சாக்கில் கிடந்து வெந்து போகுமாயின், அவ்வாண்டின் உழைப்பிற் பெரும்பகுதி வீணாகிவிடும். பெருந்தோட்டக்காரரிடம் தோல் நீக்கும் யந்திரமும், தொட்டிகளும், உலர்த்துங் களமும், ஆட்களும் உண்டு. அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருக்கும் குடியானவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. தனித்தனியே தேடிக்கொள்வதும் சாத்தியமன்று. பலர் ஒன்றுகூடித் தேடிக்கொள்ளலாம். அவ்வாறு தேடிக்கொண்டவர்கள் அடைந்த நன்மையையும், பின்னர் அவர்களுக்கு நேர்ந்த இடையூறுகளையும் கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள ருவாண்டா தேசத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

தேசமும் பயிரும்

ருவாண்டா மலைகள் நிறைந்த ஒரு சிறு தேசம். கடற்கரை இல்லாதது, விளைபொருள் கப்பலேறுமுன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் தரை வழியே செல்லவேண்டும். காப்பி அங்கு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதிரிமாரால் கொண்டுவரப்பட்டது. 1930-களில் பெல்ஜியம் தேசத்தாரின் ஆட்சியில் குடியானவர்கள் காப்பி பயிரிட்டே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்டனர். அதனால் பெருந்தோட்டங்களை விடச் சிறு குடும்பங்களின் கொல்லைகளிலேயே இப்பயிர் பரவிற்று. இன்றும் ஏறக்குறைய நான்கு லட்சம் குடும்பங்கள் காப்பி பயிரிடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் இருப்பது பெரும்பாலும் சில நூறு மரங்களே. பயிராவது அராபிகா இனத்தைச் சேர்ந்த பூர்பான் வகை. நிலம் கடல் மட்டத்துக்கு மேல் 1,500 முதல் 2,000 மீட்டர் வரை உயர்ந்தது. உயர்ந்த சுவைக் காப்பிக்கு இதைவிடத் தகுந்த நிலம் வேண்டியதில்லை.

பழைய முறையால் நேர்ந்த நஷ்டம்

நிலமும் இனமும் இத்துணைச் சிறப்புடையனவாக இருந்தும், பல்லாண்டுகளாக ருவாண்டாக் காப்பி உலகச் சந்தையில் மட்டமான சரக்காகவே மதிக்கப்பட்டது. குடியானவர்கள் பழத்தைத் தத்தம் வீட்டிலேயே கல்லால் நசுக்கியோ கைச்சக்கரத்தால் சுழற்றியோ தோலை நீக்கி, கிடைத்த பாத்திரத்தில் ஊறவைத்து, தரையில் பாய் விரித்து உலர்த்தினர். ஒரு வீட்டில் ஓரிரவு ஊறிற்று. மற்றொரு வீட்டில் மூன்று நாள் ஊறிற்று. பழுத்ததும் பழுக்காததும் கலந்தே இருந்தன. இவையனைத்தும் வியாபாரியின் சாக்கில் ஒன்றாய்ச் சேர்ந்தபின், நல்லதைக் கெட்டதினின்றும் பிரித்தறிய வழியில்லை. தரம் பாராமல் ஒரே விலை கிடைத்ததால், கவலையெடுத்துச் செய்தவருக்கு அதனால் ஒரு காசும் மிஞ்சவில்லை.

1989-ஆம் ஆண்டில் சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதிப் பங்கீடு முறிந்ததும் உலக விலை சரிந்தது. 1994-ஆம் ஆண்டில் டுட்ஸி மக்களைக் குறிவைத்து நிகழ்ந்த படுகொலையில் சுமார் எட்டு லட்சம் பேர் மாண்டனர். பல மலைகளில் காப்பி மரங்களைப் பேண ஆளில்லை. பின்னர், 2001-ஆம் ஆண்டில் உலகச் சராசரி விலை ராத்தலுக்கு 50 அமெரிக்க சென்ட்டுக்கும் கீழே இறங்கிற்று. அவ்விலையில் மட்டமான சரக்கை விற்றுப் பிழைப்பது இயலாத காரியம். காப்பி மரங்களை வெட்டியெறிவதா, அல்லது அதே மரங்களின் பழத்தைக் கொண்டு வேறு தரமான சரக்கை ஆக்குவதா என்னும் கேள்வி ஒவ்வொரு குடும்பத்தையும் எதிர்நோக்கியது.

சங்கம் ஏற்பட்ட விதம்

தெற்கே புட்டாரே நகரத்துக்கு அருகிலுள்ள மராபா என்னும் வட்டாரத்தில், 1999-ஆம் ஆண்டில், சுமார் 220 குடியானவர்கள் ஒரு சங்கம் அமைத்தனர். ‘அபாஹுஸாமுகம்பி பா காவா’ என்று அதற்குப் பெயரிட்டனர். காப்பிக்காக ஒரே நோக்கத்தோடு கூடியவர்கள் என்பது அதன் கருத்து. படுகொலையில் கணவரை இழந்த பெண்கள் பலரும் அதில் அங்கத்தினராயினர். தொடக்கத்தில் சங்கத்திடம் முதலும் இல்லை, யந்திரமும் இல்லை.

அப்போது ருவாண்டாவின் தேசியப் பல்கலைக்கழகமும், அமெரிக்காவின் மிச்சிகன், டெக்ஸாஸ் பிரதேசங்களைச் சேர்ந்த இரு பல்கலைக்கழகங்களும், அமெரிக்க சர்க்காரின் பொருளுதவி பெற்று, ‘பேர்ல்’ என்னும் பெயருடைய ஒரு திட்டத்தை நடத்தி வந்தன. அதன் துணையால் 2001-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மராபாவில் முதல் கழுவும் நிலையம் திறக்கப்பட்டது. பருவம் ஏறக்குறைய முடிந்துபோனதால் அவ்வாண்டு கழுவத்தக்க பழம் சுமார் 200 கிலோவே கிடைத்ததென்பர். ஆயினும் பதனம் நன்கு அமைந்ததைக் கண்டு, அடுத்த ஆண்டிற்குள் நிலையத்தைப் பெருக்கி, மலையிலிருந்து சுத்த ஜலம் கொண்டுவர ஏற்பாடு செய்தனர்.

பதன்படுத்தும் முறை

நிலையத்தில் நடைபெறும் வேலையில் மந்திரம் ஒன்றும் இல்லை, ஒழுங்கே பிரதானம். முற்றிச் சிவந்த பழம் மட்டும் வாங்கப்படும். பச்சையும், அரைப்பழமும், காய்ந்ததும் வாயிலிலேயே பொறுக்கித் தள்ளப்படும். பின்னர்ப் பழம் நீரிலிடப்படும், பூச்சியரித்ததும் உள்ளீடற்றதும் மிதக்கும், அவை அகற்றப்படும். பறித்த எட்டு மணி நேரத்துக்குள் பழத்தின் தோல் நீக்கப்படவேண்டும் என்பது மாற்ற முடியாத விதி. தோல் நீங்கிய விதைமேல் ஒட்டியிருக்கும் வழவழப்பு தொட்டியில் புளித்துக் கரையும்; குளிர்ந்த மலைகளில் இதற்கு அரை நாள் முதல் ஒன்றரை நாள் வரை ஆகும். கரைந்தபின் சுத்த ஜலத்தில் கழுவி, இடுப்புயரப் பலகை வலைகளின் மேல் மெல்லிதாகப் பரப்புவர். ஈரமாயிருக்கும்போதே நிழலில் வைத்துக் குறையுடைய விதைகளைப் பெண்கள் கையாற் பொறுக்குவர். நண்பகல் வெயிலிலும் மழையிலும் மூடி, அடிக்கடி புரட்டி, ஈரம் நூற்றுக்கு 11 அல்லது 12 பங்காகக் குறையும்வரை இரண்டு மூன்று வாரம் உலர்த்துவர்.

ஆறு கிலோ பழத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ சுத்தக் கொட்டை கிடைக்கும். ஆகவே பழத்தில் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கொடுக்கும் சங்கம், கொட்டையில் ஆறு ரூபாய் அதிகம் ஈட்டினால்தான் கணக்கு நேராகும். இதனை அறியாமல் விலை நிர்ணயித்த சங்கங்கள் நஷ்டமடைவது திண்ணம்.

ருவாண்டாக் காப்பிக்கு ஒரு தனிக் குறையும் உண்டு. சில கொட்டைகளை வறுத்துப் பானமாக்கினால் பச்சை உருளைக்கிழங்கின் வாடை வீசும். அண்டெஸ்டியா என்னும் நாவாய்ப்பூச்சி காயைத் துளைத்த இடத்தில் இக்கேடு உண்டாவதாக அறியப்படுகிறது. இக்கொட்டையை வறுக்குமுன் கண்ணால் அறிவது அரிது. ஆயினும் ஒரே ஒரு கொட்டை ஒரு குவளைப் பானத்தைக் கெடுத்துவிடும். தன் தோட்டத்தைச் சுத்தமாக வைத்திருப்பவரின் மரத்துக்கு, கவனியாமல் விட்ட அயலார் தோட்டத்திலிருந்து பூச்சி வந்து சேரும். கவாத்து, பூச்சி பொறுக்குதல், மிதக்கும் பழத்தை நீக்குதல் ஆகியவற்றை ஊர் முழுவதும் ஒன்றாய்ச் செய்தாலொழியப் பயனில்லை. சங்கம் விற்பனைக்கு மட்டுமன்றிப் பயிர்ப் பாதுகாப்புக்கும் இன்றியமையாதது என்பதற்கு இதுவே தக்க சான்று.

விற்பனையும் வருமானமும்

சரக்கு நல்லதாயிருந்தால் மட்டும் போதாது. அது நல்லதென்று விற்பவருக்கே தெரியவேண்டும். காப்பி பயிரிட்ட பலர் அதனைப் பருகியதே இல்லை. ஆகையால் உள்ளூர் இளைஞர்களும் பெண்களும் சுவை பரீட்சையில் பழக்கப்பட்டனர். நூற்றுக்கு 80 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெறுவதே விசேஷக் காப்பி எனப்படும். இவ்வாறு பழகிய பின்னர், வாங்குவோர் சொல்லும் தரத்தைக் கேட்டுத் தலையசைக்கும் நிலை மாறிற்று. விற்பவர் தம் சரக்கின் குணத்தைத் தாமே எடுத்துச் சொல்லலாயினர்.

2002-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லூயிசியானா பிரதேசத்திலுள்ள கம்யூனிட்டி காப்பிக் கம்பெனியார் மராபாவுக்கு வந்து பார்வையிட்டு, சுமார் 18 டன் கொண்ட ஒரு முழுக் கொள்கலனைச் சாதாரணச் சரக்கின் விலைக்கு மிகவும் மேலான விலையில் வாங்கினர். 2003-ஆம் ஆண்டில் மராபாக் காப்பி இங்கிலாந்தின் கடைகளில் தன் ஊர்ப்பெயரோடு விற்பனைக்கு வந்தது. ஃபேர்டிரேட் முத்திரையும் இச்சங்கத்துக்குக் கிடைத்தது. அம்முத்திரை பெற்ற சங்கங்களுக்குச் சந்தை விலை எவ்வளவு தாழ்ந்தாலும் ஒரு குறைந்தபட்ச விலை உறுதி; கழுவிய அராபிகாவுக்கு 2023 ஆகஸ்டு முதல் அது ராத்தலுக்கு 1.80 டாலர். அதற்குமேல் 20 சென்ட் பொது நிதிக்காகச் சங்கத்துக்குக் கிடைக்கும். அதில் 5 சென்ட்டையேனும் தரத்தையும் விளைவையும் பெருக்கவே செலவிடவேண்டும். சந்தை விலை இதைவிட உயர்ந்திருந்தால் அவ்வுயர்ந்த விலையே கொடுக்கப்படும்.

மராபாவைப் பார்த்து மற்ற மலைகளிலும் நிலையங்கள் எழுந்தன. 2000-ஆம் ஆண்டளவில் தேசம் முழுமைக்கும் இரண்டே கழுவும் நிலையங்கள் இருந்தன. பத்தாண்டுகளில் அவை ஏறக்குறைய இருநூறாயின. 2008-ஆம் ஆண்டில் ‘கப் ஆஃப் எக்ஸலென்ஸ்’ என்னும் உயர்தரப் போட்டி ஆப்பிரிக்காவில் முதன்முதலாக ருவாண்டாவிலேயே நடைபெற்றது.

சங்கங்களுக்கு நேர்ந்த இடையூறுகள்

இவ்வெற்றியைக் கண்டு நிலையங்கள் விரைந்து பெருகியபோது புதிய தொல்லைகளும் தோன்றின. பல நிலையங்கள் தம் கொள்ளளவுக்கு மிகக் குறைந்த பழத்தையே பெற்றன. ஓர் உதாரணக் கணக்கால் இதன் விளைவு விளங்கும். யந்திரம், கட்டடம், சம்பளம் ஆகிய நிலைச் செலவு ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு லட்சம் கிலோ பழம் வந்தால் கிலோவுக்கு ஐந்து ரூபாய்ச் செலவு. ஐம்பதினாயிரம் கிலோவே வந்தால் இருபது ரூபாய். இந்த இருபது ரூபாய் அங்கத்தினரின் பழ விலையிலிருந்தே கழியவேண்டும். அதன்பின் அவர் சங்கத்துக்குப் பழம் கொண்டுவருவாரா?

இரண்டாவது தொல்லை ரொக்கம். குடியானவருக்குப் பழம் கொடுத்த அன்றே பணம் வேண்டும். வெளிநாட்டுப் பணமோ சரக்கு கப்பலேறிய பின்னரே வரும். இடையிலுள்ள பல மாதங்களுக்குச் சங்கம் கடன் பெற்றாகவேண்டும். கடன் தாமதப்பட்டால் வியாபாரி ரொக்கத்தோடு வழியில் நிற்பான். அவன் பச்சையும் பழமும் பிரித்துப் பார்ப்பதில்லை. உடனடித் தேவையுள்ள குடும்பம் அவனிடமே விற்கும், அதனைக் குறைகூறுவதற்கில்லை.

மூன்றாவது, எல்லாவற்றினும் கொடியது, கணக்கைப் பற்றிய சந்தேகம். பருவ முடிவில் மிகுதி லாபத்தை அவரவர் கொடுத்த பழத்துக்கு ஏற்பப் பங்கிடுவதே ஐக்கிய சங்கத்தின் உயிர். எடை சரியாகப் போடப்படவில்லை என்றோ, மிகுதி எங்கே போயிற்று என்றோ ஐயம் தோன்றுமாயின், எவ்வளவு சிறந்த யந்திரமும் சங்கத்தைக் காப்பாற்றாது. பழுத்த பழத்தை மட்டும் பறிப்பவர் ஒரே மரத்துக்குப் பலமுறை ஆள் விடவேண்டியிருக்கிறது. உருவிப் பறித்தவருக்கும் அவருக்கும் ஒரே விலை கொடுக்கும் சங்கம் நேர்மையாளரைத் தண்டித்ததாகும். அடுத்த ஆண்டு அவரும் உருவியே பறிப்பார்.

தமிழ்நாட்டு மலைப் பிரதேசங்கள் கவனிக்கத்தக்கவை

இந்தியாவில் 1942-ஆம் ஆண்டின் காப்பிச் சட்டப்படி அமைந்த காப்பி போர்டு, நெடுங்காலம் குடியானவர்களின் சரக்கை ஒன்றுசேர்த்து விற்று வந்தது. 1990-களில் இம்முறை படிப்படியாகத் தளர்ந்து, 1996-ஆம் ஆண்டிற்குப்பின் விற்பனை பயிரிடுவோரின் பொறுப்பாயிற்று. தேசத்தின் காப்பித் தோட்டங்களில் நூற்றுக்கு 98-க்கு மேற்பட்டவை 10 ஹெக்டேருக்கு உட்பட்டவை. சேர்வராயன் மலை, கீழ்ப்பழனி மலை, நீலகிரியின் சரிவுகள் ஆகிய இடங்களில் அராபிகா பயிரிடும் சிறு குடியானவர்களும், ருவாண்டாக் குடும்பங்களைப் போலவே, தரத்துக்கும் விலைக்கும் தாமே வழிதேட வேண்டியவர்களாயிருக்கின்றனர். வடகிழக்குப் பருவமழை முடியுமுன்னரே பழம் பறிக்கத் தொடங்கும் இடங்களில் உலர்த்துவது தனிக் குடும்பத்துக்குப் பெருஞ்சிரமம். கூரையிட்ட பொதுக்களம் அங்கே முதல் உதவியாகும்.

ஊர்தோறும் பெரிய நிலையம் கட்டுவது அவசியமன்று. எத்தனை கிலோ பழம் உறுதியாக வரும் என்பதை முதலில் கணக்கிட்டு, அதற்கேற்ற சிறு யந்திரத்தோடு தொடங்குதல் நலம். வாயிலில் அனைவரும் காணும்படி தராசு வைத்து, எடையும் விலையும் குறித்த சீட்டை உடனே கொடுக்கவேண்டும். பழத்துக்கும் அரைப்பழத்துக்கும் விலை வேறுபாடு பலகையில் எழுதியிருக்கவேண்டும். ஒவ்வொரு நாளின் சரக்கையும் தனியே உலர்த்தி அடையாளமிட்டால், குறை எங்கு நேர்ந்ததென்று பின்னர்க் கண்டுபிடிக்கலாம். கழுவிய ஜலம் ஓடையிற் கலந்தால் கீழூரார் துன்புறுவர்; ஆகையால் அதனைக் குழிகளில் தேக்கித் தெளியவைப்பதும், பழத்தோலை எருவாக்குவதும் தொடக்கத்திலேயே ஏற்பாடாக வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்களும் நிலமுடைய பெரிய குடியானவர்களும் இதில் செய்யக்கூடிய உதவி அதிகம். நீரும் பாதையுமுள்ள இடத்தைத் தெரிந்தெடுக்கவும், பருவக் கடன் பழம் பறிக்கத் தொடங்குமுன் கைக்கு வரவும், ஆண்டுக் கணக்கு பொதுக்கூட்டத்தில் உரக்க வாசிக்கப்படவும் அவர்கள் முயலலாம். வாசலில் சரியான எடை, அன்றே பணம், பருவ முடிவில் ஒளிவற்ற கணக்கு: இம்மூன்றும் உள்ள சங்கத்துக்குப் பழம் தானே வந்து சேரும்; இவற்றில் ஒன்று குறைந்தாலும், சர்க்கார் எவ்வளவு பொருள் கொடுத்தும் அதன் தொட்டிகள் வறண்டே கிடக்கும்.